டாக்டர் மகள் இன்னும் ஏன் படிக்கிறாள்?



இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு நாள் சரியாகத் தூங்க விடவில்லை. ஜொகூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம். அவர் எழுதியதன் சாரம் இதுதான்:

"டிரெசர் ஐயா, என் மூத்த மகள் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் வேலை. நானும் என் வீட்டுக்காரரும் முப்பது வருசம் பால்மரம் வெட்டிப் படிக்க வைத்தோம். டாக்டராகிவிட்டாள், இனிக் கவலை இல்லை என்று நினைத்தோம். இப்போது லண்டன் பரீட்சை என்று எதையோ எழுதுகிறாள். போன வருசம் பாதி பாஸ், பாதி பெயில். இரவெல்லாம் புத்தகம். தீபாவளிக்குக்கூட ஒரு நாள்தான் வந்தாள். வயது முப்பத்து மூன்று. வந்த வரனையெல்லாம் பரீட்சை முடியட்டும் என்கிறாள். இருக்கிற உத்தியோகம் போதாதா என்று அப்பா கேட்டதற்கு அழுதுவிட்டாள். நான் அவளை நிறுத்தச் சொல்லவா, ஐயா?"

தங்கச்சி, உங்களுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு இருந்துவிடலாம். ஆனால் இதே கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் இன்று டாக்டர்கள். அவர்கள் ஏறும் ஏணியில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பது பெற்றவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

டாக்டர் வேறு, நிபுணர் வேறு

மருத்துவப் படிப்பு ஐந்து ஆண்டுகள். அதற்குப் பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு ஆண்டுகள் பயிற்சி டாக்டராக எல்லா வார்டிலும் சுற்றி வரவேண்டும். அதை முடித்தால் மருத்துவ அதிகாரி. உங்கள் மகள் இந்தப் படியில் நிற்கிறாள். காய்ச்சலுக்கு மருந்து எழுதலாம், முறிந்த கைக்கு மாவுக்கட்டுப் போடலாம், பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று அறுவைக்கு உதவலாம். ஆனால் தன் பொறுப்பில் ஒரு முதுகெலும்பைத் திறக்கவோ, தேய்ந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதியது வைக்கவோ அவள் நிபுணர் ஆகவேண்டும்.

நம் நாட்டில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நான்கு ஆண்டு முதுநிலைப் படிப்பு. உடற்கூறு முதலான அடிப்படைப் பாடங்களில் முதலில் ஒரு தேர்வு, நடுவே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, கடைசியில் பெரிய தேர்வு. இன்னொன்று, வேலை பார்த்துக்கொண்டே எம்.ஆர்.சி.எஸ். என்னும் தேர்வை முடித்து, பல ஆண்டுகள் நிபுணர்களின் கண்காணிப்பில் பயிற்சி பெற்று, கடைசியில் எப்.ஆர்.சி.எஸ். எழுதுவது. நீங்கள் லண்டன் பரீட்சை என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன். அது லண்டன் அல்ல, தங்கச்சி. ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ. அங்குள்ள அறுவை மருத்துவர் கல்லூரி 1505-ஆம் ஆண்டு தொடங்கியது. சிங்கப்பூரில் எலும்பு அறுவைக்கு ஆறு ஆண்டுப் பயிற்சி. அதன் முடிவிலும் எடின்பரோ கல்லூரியோடு சேர்ந்த தேர்வுதான்.

இதைத் தாண்டாமல் நிபுணர் என்று பலகை மாட்ட முடியாது. 2017 ஜூலை முதல் நம் நாட்டுச் சட்டப்படி நிபுணர் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் நிபுணராகத் தொழில் செய்யலாம். ஆகவே உங்கள் மகள் பட்டத்துக்கு ஆசைப்பட்டு மேலும் மேலும் படிக்கவில்லை. தொடங்கிய வேலையை முடிக்கப் படிக்கிறாள்.

ஐந்து நிமிடக் கேள்வி

பாதி பாஸ் பாதி பெயில் என்றீர்களே, அது என்ன என்று சொல்கிறேன். இந்தத் தேர்வு இரண்டு பகுதி. முதல் பகுதி எழுத்து. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஐந்து விடை. ஐந்தும் சரி போலவே தோன்றும். அதில் மிகச் சரியானது எது என்று குறிக்கவேண்டும். இதில் தேறினால்தான் இரண்டாம் பகுதிக்கு அழைப்பு. உங்கள் மகள் முதல் பகுதியைத் தாண்டிவிட்டாள். அதுவே சாதாரணக் காரியம் அல்ல.

இரண்டாம் பகுதியில் புத்தகமும் இல்லை, பேனாவும் இல்லை. நோயாளியையும் தேர்வாளர்களையும் நேருக்கு நேர் சந்திக்கவேண்டும். வாய்மொழித் தேர்வு நான்கு மேசைகளில் நடக்கும். விபத்துக் காயங்கள் ஒரு மேசை. பெரியவர்களின் மூட்டும் முதுகும் ஒரு மேசை. பிள்ளைகளின் எலும்பும் கைகளும் ஒரு மேசை. உலோகம், எலும்பு, தசை இவற்றின் அடிப்படை அறிவியல் ஒரு மேசை. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம். ஒரு கேள்விக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம். ஒரு எக்ஸ்ரே படத்தைக் காட்டுவார்கள். "என்ன பார்க்கிறீர்கள்? என்ன செய்வீர்கள்? அது சரிப்படாவிட்டால்?" என்று கேள்வி ஏறிக்கொண்டே போகும். மணி அடிக்கும். அடுத்த படம்.

இதற்கு மதிப்பெண் 4 முதல் 8 வரை. 6 என்றால் தேர்ச்சி. 5 என்றால் மயிரிழையில் தோல்வி. அதாவது, உங்கள் மகள் போன ஆண்டு தவறியது மக்குத்தனத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்த விடை நாக்கில் வராமல் தவறியவர்கள் எத்தனையோ பேர். கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது, நண்பர் இருவர் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்பது, கடிகாரத்தை வைத்து ஐந்து நிமிடத்தில் நிறுத்துவது எல்லாம் அதற்கான பயிற்சிதான். மகள் அறையில் தனியாகப் பேசுகிறாள் என்று சாமி பார்க்கப் போய்விடாதீர்கள்!

நோயாளியைச் சோதிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஏப்ளி என்று ஓர் ஆங்கில டாக்டர் இருந்தார். 1914-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். எலும்பு படிக்கிற எல்லாரும் அவர் புத்தகத்தைப் புரட்டியிருப்பார்கள். 1959-இல் முதலில் வந்த அந்தப் புத்தகமே, தேர்வுக்குப் படிக்க வந்த இளம் டாக்டர்களுக்கு அவர் எடுத்த வகுப்பின் குறிப்புகளிலிருந்து வளர்ந்ததுதான். அவர் சொல்லிக் கொடுத்த வரிசை மூன்றே சொல்: பார், தொடு, அசை. முதலில் கண்ணால் பார். பிறகு கையால் தொட்டுப் பார். கடைசியில் அசைத்துப் பார். மூட்டு எதுவானாலும் வரிசை மாறக்கூடாது. பரபரப்பில் நேராகப் போய் வலிக்கிற காலைப் பிடித்து மடக்கினால் அங்கேயே மதிப்பெண் போய்விடும். நோயாளி முகம் சுளித்தால் இன்னும் போகும்.

நம் வீடுகளில் இருக்கும் நோய்களும் அந்தத் தேர்வில் வரும். நீரிழிவால் புண்பட்ட கால் ஒன்று. 2023-இல் அரசாங்கம் எடுத்த சுகாதாரக் கணக்கின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் இன்னும் அதிகம். காலில் நாடி துடிக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா, விரலை மட்டும் எடுத்தால் போதுமா, பாதத்தைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்பார்கள். அந்த விடையில்தான் நம் அண்ணனோ அக்காளோ இரண்டு காலில் நடந்து வீடு திரும்புவது இருக்கிறது.

நான் கட்டிய கட்டு

இனி நான் சொல்லப்போவதை இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. உங்கள் கடிதம் எழுத வைத்துவிட்டது.

1974-ஆம் ஆண்டு. நான் தோட்டத்து டிரெசராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருசம். ஒரு மாலை ஆறு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து, கையை ஊன்றியதில் முழங்கைக்கு மேலே முறிவு. கை பந்து போல வீங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி நாற்பது மைல். தோட்டத்து லாரி காலையில்தான் போகும். முழங்கையை நன்றாக மடக்கி, அட்டை வைத்து, ஆடாமல் இருக்கவேண்டும் என்று இறுக்கிக் கட்டினேன். கட்டு பார்க்க அழகாக இருந்தது. எனக்கே பெருமை.

இரவு பதினொரு மணிக்குத் தாயார் லயத்திலிருந்து ஓடி வந்தார். பிள்ளை துடிக்கிறான், விரலைத் தொட்டாலே அலறுகிறான், விரல் சில்லென்று இருக்கிறது என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எலும்பு முறிந்தால் வலிக்காமல் இருக்குமா? இந்த மாத்திரையைக் கொடுங்கள், விடியட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். பையன் அழுகையை நிறுத்திவிட்டிருந்தான். வலி அடங்கிவிட்டது என்று மகிழ்ந்தேன். அடங்கியது வலி அல்ல. நரம்பு செத்து உணர்ச்சியே போயிருந்தது.

வீக்கம் உள்ளே பெருகும்போது வெளியே கட்டு இறுக்கிப் பிடித்தால், தசைக்குப் போகும் இரத்தம் நின்றுவிடுகிறது. ஆறு மணி நேரம் போனாலே தசை செத்துப்போகத் தொடங்கும். செத்த தசை பிறகு நாராகச் சுருங்கும். விரல்கள் கோழிக்கால் போல மடங்கி நின்றுவிடும். ஜெர்மன் நாட்டு அறுவை மருத்துவர் வோக்மன் 1881-ஆம் ஆண்டே இதை விளக்கி எழுதியிருக்கிறார். நான் கட்டுப் போட்டது அதற்கு 93 ஆண்டுகள் கழித்து. புத்தகத்தில் இருந்தது, என் தலையில் இல்லை.

அந்தப் பையன் இன்று ஐம்பதைத் தாண்டியவர். இடக்கையால் எழுதி, இடக்கையால் உழைத்து, மூன்று பிள்ளைகளை வளர்த்துவிட்டார். என்னைப் பார்த்தால் இன்றும் "டிரெசர் ஐயா" என்று கும்பிட இடக்கையைத் தூக்குகிறார். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தத் தாயாரும் கேட்டதில்லை. அவர்கள் கேட்காததுதான் எனக்குப் பாரம்.

இப்போது தேர்வுக்கு வருகிறேன், தங்கச்சி. பிள்ளைகளின் எலும்பு மேசையில் அடிக்கடி வரும் கேள்வி எது தெரியுமா? "ஆறு வயதுப் பிள்ளை. முழங்கைக்கு மேலே முறிவு. கட்டுப் போட்டாயிற்று. இரவு இரண்டு மணிக்கு வார்டிலிருந்து தாதி கூப்பிடுகிறார், பிள்ளைக்கு வலி தாங்கவில்லை என்று. என்ன செய்வீர்கள்?" வலிக்கு ஊசி போடச் சொல்வேன் என்று பதில் சொன்னவர் அந்த இடத்திலேயே போனார். நான் 1974-இல் சொன்ன பதில் அதுதான். சரியான பதில், "எழுந்து போவேன்" என்று தொடங்கவேண்டும். போய், கட்டைத் தோல் தெரியும்வரை பிரிக்கவேண்டும். மடங்கிய முழங்கையைத் தளர்த்தவேண்டும். விரலை மெதுவாக நீட்டிப் பார்க்கவேண்டும். நாடி துடிக்கிறது என்பதற்காக ஏமாந்துவிடக் கூடாது. நாடி இருந்தும் தசை சாகலாம். வலி குறையாவிட்டால் உடனே அறுவைக்கூடம்.

பிள்ளையின் நரம்பைச் சோதிப்பதற்கும் அழகான வழி இருக்கிறது. கல், காகிதம், கத்தரிக்கோல் என்று நம் பிள்ளைகள் விளையாடுவார்களே, அதைச் செய்யச் சொல்வார்கள். கையை மூடினால் ஒரு நரம்பு வேலை செய்கிறது, விரித்தால் இன்னொன்று, இரண்டு விரலைக் கத்தரி போல அகற்றினால் மற்றொன்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போட்டால், இந்த முறிவில் அதிகம் அடிபடும் நரம்புக் கிளையும் நலம். அழுகிற பிள்ளைக்கு விளையாட்டு, டாக்டருக்குச் சோதனை. அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால்!

உங்கள் மகள் இரவெல்லாம் படிப்பது இதைத்தான். புத்தகத்தைத் தூக்கிப் போடு என்று எப்படி அம்மா நான் சொல்வேன்?

கட்டு வைத்தியர் வீட்டுப் பிள்ளை

சில வாசகர்கள் கேட்கலாம்: நம் பாட்டன் காலத்தில் நாட்டு வைத்தியரும், சின்சேயும், போமோவும் எலும்பு கட்டவில்லையா, அவர்கள் என்ன பரீட்சை எழுதினார்கள் என்று. கட்டினார்கள். நல்ல கை உள்ளவர்களும் இருந்தார்கள். அவர்களை நான் இகழமாட்டேன். ஒரு கதை சொல்கிறேன்.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் இவான் தாமஸ் என்று ஒருவர் இருந்தார். பரம்பரைக் கட்டு வைத்தியர். பட்டம் எதுவும் இல்லை. கூட்டம் வரும், வம்பும் வழக்கும் வரும். அவர் தம் ஐந்து மகன்களையும் முறையாக டாக்டருக்குப் படிக்க வைத்தார். அவர்களில் ஒருவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891). எடின்பரோவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, தகப்பனாரின் கைப்பழக்கத்தையும் கல்லூரி அறிவையும் ஒன்றாக்கினார். தொடை எலும்பு முறிந்தவர்களுக்குக் காலை இழுத்துக் கட்டும் நீண்ட இரும்புச் சட்டத்தை ஆஸ்பத்திரி வார்டுகளில் பார்த்திருப்பீர்கள். அது தாமஸ் சட்டம், அவர் கண்டுபிடித்தது. முதல் உலகப் போரில் அவர் மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் என்ற டாக்டர் அதைப் போர்க்களத்துக்குக் கொண்டு போனார். தொடை முறிந்து சாகவேண்டியிருந்த எத்தனையோ சிப்பாய்கள் பிழைத்தார்கள்.

கைராசி வேண்டாம் என்று அந்தத் தகப்பன் சொல்லவில்லை. கைராசி மட்டும் போதாது என்று தெரிந்துகொண்டார். அவ்வளவுதான்.

எலும்பு மருத்துவத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரே நிமிர்ந்த பிள்ளை என்ற பொருளில் பிறந்தது. 1741-இல் ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்த பெயர். அவர் புத்தகத்தில், வளைந்த இளமரத்தைக் கம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டிய ஒரு படம் இருக்கிறது. இன்றும் பல நாட்டு எலும்பு மருத்துவர் சங்கங்களுக்கு அதுதான் சின்னம். நாற்று மேடையில் கன்றுக்குக் கம்பு நட்டுக் கட்டிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இறுக்கிக் கட்டினால் கன்றின் பட்டை அறுந்துபோகும் என்பதும் நமக்குத் தெரியும்.

வீட்டார் செய்யக் கூடியது

மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க உங்களால் முடியாது. ஆனால் வீடு செய்யவேண்டிய உதவி ஒன்றிரண்டு இருக்கிறது.

முதலில், "எப்போது முடியும்?" என்று போனில் கேட்பதை நிறுத்துங்கள். அது அவளுக்கே தெரியாது. "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேளுங்கள். இவள் வேலை நேரம் முடிந்து படிக்கிறவள். சில இரவுகளில் வார்டிலேயே கிடந்து, காலையில் அறுவைக்கூடத்தில் நின்று, மாலையில் புத்தகத்தைத் திறப்பவள்.

இரண்டாவது, உறவுக்காரர் வாயை நீங்கள் அடக்குங்கள். "இன்னுமா பாஸ் பண்ணவில்லை?" என்ற கேள்வி அவள் காதுக்குப் போகக்கூடாது. வாசற்படியிலேயே நீங்கள் பதில் சொல்லி அனுப்புங்கள்.

மூன்றாவது, திருமணம். முப்பத்து மூன்று வயதில் தாய்க்குக் கவலை வருவது நியாயம். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லையே, பரீட்சை முடியட்டும் என்றுதானே சொன்னாள்? அதற்குள் வரன் பார்க்க விரும்பினால், அவளிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். மணமுடித்த பிறகும் இரவு இரண்டு மணிக்கு அவளுக்கு அழைப்பு வரும். எழுந்து கதவைத் திறந்துவிடுகிற மனம் உள்ள பிள்ளையாகப் பாருங்கள். பொறுமை இல்லாதவன் வேண்டாம்.

நான்காவது, உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை. முப்பது வருசம் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிய முழங்கால் வலிக்காமல் இருக்காது. அடுத்த முறை மகள் வரும்போது நாற்காலியில் உட்கார்ந்து, "அம்மா, அப்பாவின் காலைச் சோதித்துப் பார், நான்தான் உன் பரீட்சை நோயாளி" என்று சொல்லச் சொல்லுங்கள். அவள் பார்க்கட்டும், தொடட்டும், அசைக்கட்டும். செய்வதை வாய்விட்டுச் சொல்லட்டும். உத்தியோகம் போதாதா என்று கேட்ட அப்பா அந்தக் காலை நீட்டினால், அவளுக்கு அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் வேண்டியதில்லை.

மறுபடி தவறினால்? தவறலாம். அப்போதும் அவள் டாக்டர்தான், உங்கள் மகள்தான். மீண்டும் எழுதுவதா இல்லையா என்பது அவள் முடிவு. உங்கள் களைப்பையும் பயத்தையும் அவள் மேல் போட்டு நிறுத்தவேண்டாம்.

கடைசியாக, எல்லா வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது கையிலோ காலிலோ மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினால், கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். எண்ணெய் தேய்க்காதீர்கள், உருவி விடாதீர்கள். வலி குறையாமல் மணிக்கு மணி கூடினாலோ, விரலை நீட்டினால் அலறினாலோ, விரல் சில்லிட்டாலோ, வெளுத்தாலோ, மரத்துப்போனாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், கட்டை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது "வலிக்கத்தான் செய்யும்" என்று சொன்னால், தயவுசெய்து அங்கிருந்து நகராதீர்கள். 1974-இல் அந்தத் தாயார் என் கதவருகே இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நிற்கவேண்டியவர் அவர் அல்ல, எழுந்து போகவேண்டியவன் நான் என்பதும் தெரிந்தேதான் நினைக்கிறேன்.

தங்கச்சி, மகளிடம் சொல்லுங்கள், முகம் தெரியாத ஒரு பழைய டிரெசர் அவளுக்காக வேண்டிக்கொள்கிறார் என்று. முடிவு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள். எப்படி வந்தாலும் எழுதுங்கள்.

அடுத்த முறை சந்திப்போம். வணக்கம்.